மல்லிகை முட்டையாகப் பூத்தது

தாசிக்மலாயா,
அக்டோபர் 14

தம்பி யாயனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உன் மச்சான் கார்னாவின் இடுப்புவலியும் சுகமாக இருக்கிறது, வீட்டை விட்டுப் போகிற எண்ணமே அதற்கு இல்லை. நீயும் உன் பெண்டாட்டி வுலானும் எப்படி? மாலாங்கில் மழை தொடங்கிவிட்டதா?

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பெட்டி போட்டு எதைக் கேட்டாலும் நான் படிப்பதே இல்லை. எந்தப் பட்டன் நீலமாக இருக்கிறதோ அதை அழுத்திவிடுவேன். நாலாம் வகுப்போடு நின்றவளிடம் அவ்வளவு எழுத்தைக் கொண்டுவந்து கொட்டினால் வேறு என்ன செய்வாள்? இத்தனை வருஷமாக நீலம் என்னைக் கைவிட்டதில்லை. போன வாரம் கைவிட்டது. அதுவும் ஹாஜியம்மா மைமூனாவின் முன்னால்.

அவரை உனக்குத் தெரியும், ஜகார்த்தாவில் தானா அபாங் சந்தையில் கடை வைத்திருக்கிறவர். நோன்புக்கு முன்னால் ஒரு லாரி நிறைய முக்கெனா வேண்டுமாம். தொழுகை அங்கியில் அவருக்கு வேறு பூ ஆகாது. விளிம்பெல்லாம் நம் மல்லிகைதான் ஓடவேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இந்தப் பூவைத் தைக்கச் சொல்ற புரோகிராம் பேரு சுலாம். எழுதினது என் தம்பி. உலகம் பூரா ஓசியில எடுத்துப் போட்டுக்கிறாங்க" என்று பீற்றிக்கொண்டேன். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பெட்டி வந்தது. நீலத்தை அழுத்தினேன். மெஷின் ஓடி முடித்ததும் துணியை எடுத்து அவர் மடியில் விரித்தேன்.

"என்ன கொகோம் இது, கோழிப் பண்ணையா?" என்றார்.

அத்தனை மல்லிகையும் முட்டை. அதுவும் படுத்த முட்டை.

"ஜனவரி முடியறதுக்குள்ள சரியான சாம்பிளைக் காட்டு. லாரி உனக்குத்தான். இல்லேன்னா நான் வேற வாசலத் தட்டுவேன், கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். உனக்கே தெரியும், எங்களுக்கு நோன்பு மாதம்தான் வருஷம். அந்த லாரி போனால் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் எல்லாம் சீருடை ஆலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அவர்களைத் திரும்பப் பிடிக்க முடியாது.

போனில் அனுப்பிப் பார்த்தேன். நீ திறக்கவே இல்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதி, ரங்கினாங் வடக டின்னின் அடியில் வைத்து பஸ்ஸில் அனுப்புகிறேன். பசிக்கிறவன் டின்னைத் திறக்காமல் இருக்க முடியாது. திருப்பி அனுப்பும்போது டின் காலியாக வரக்கூடாது, அது உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உன் மூக்கைத் துடைத்து வளர்த்த அக்கா,
கொகோம்

---

மாலாங்,
அக்டோபர் 23

என் தெத்தே, கொகோம் அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் இருவரும் நலம். இங்கே மழை வரும்போல் இருக்கிறது, வருவதில்லை. மச்சான் கனமான எதையும் தூக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

வடகம் தீர்ந்த பிறகுதான் கடிதம் கண்ணில் பட்டது. எண்ணெய் ஊறிய இடத்தில் சில வரிகள் அழிந்துவிட்டன. என்னைத் திட்டியது அந்த இடத்தில் இருந்திருந்தால் எனக்கு வந்து சேரவில்லை. போனை இப்போது அதிகம் பார்ப்பதில்லை. கண்ணுக்கு ஆகாதாம்.

முட்டை விஷயம். தவறு இப்போது வந்ததில்லை தெத்தே, இப்போதுதான் போயிருக்கிறது. பழைய சுலாம் எந்த வட்டத்தையும் அகலத்தில் கொஞ்சம் ஒடுக்கித் தைத்தது. மாணவனாக இருந்தபோது கணக்கில் நான் செய்த பிழை. நீங்கள் அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, வரையும்போதே பூவை அகட்டி வரையப் பழகிவிட்டீர்கள். என் பிழையும் உங்கள் அகட்டலும் சேர்ந்து வட்டம் வந்தது. இப்போது கணக்கைத் திருத்திவிட்டேன். புது சுலாம் வரைந்ததை வரைந்தபடி தைக்கிறது. நீங்கள் வரைந்து வைத்திருப்பது முட்டை.

போன பெருநாளுக்கு வந்திருந்தபோது, "உன் புரோகிராமுக்கு வட்டம்னா என்னன்னே தெரியாது" என்று விருந்தாளிகள் முன்னால் சிரித்தீர்கள். ஊருக்குத் திரும்பியதும் அதைத்தான் முதலில் திருத்தினேன்.

வழி எளிது. பழைய கம்ப்யூட்டரில் பழைய சுலாம் இருக்கும். அதில் தையுங்கள்.

டின்னில் ஆப்பிள் வறுவல் இருக்கிறது. வுலான் தலைவலியோடு பொரித்தது.

தம்பி,
யாயன்

---

தாசிக்மலாயா,
அக்டோபர் 30

தம்பி யாயனுக்கு,

ஸலாம். ஆப்பிள் வறுவல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் பாதியாகிவிட்டது. எடுத்துவரப் போனவர் உன் மச்சான். வாயெல்லாம் துகளோடு நின்றுகொண்டு, பஸ் குலுக்கியதில் உடைந்துவிட்டது என்கிறார். வுலானிடம் நல்ல ருசி என்று சொல். அவளுக்குத் தலைவலி விட்டதா?

உன் கடிதத்தை திதின் உரக்கப் படித்தாள். பெரிய மெஷின் பார்க்கிற பெண், எட்டாவது வரை படித்தவள். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நேரே உன் மச்சானிடம் போனேன்.

"பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"எந்தக் கம்ப்யூட்டர்?"

"மூலையில துணி போத்தி வெச்சிருந்தேனே, அது."

"அதுவா? அதுமேலதான நீ தெனமும் உட்கார்ற."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார். பழைய இரும்புக்காரன் வந்தானாம். கம்ப்யூட்டரைக் கொடுத்து இரண்டு பிளாஸ்டிக் முக்காலி வாங்கிவிட்டாராம். "கம்ப்யூட்டர்ல உட்கார முடியுமா? முக்காலியில உட்காரலாம்ல?" என்று என்னையே கேட்கிறார். முக்காலி உறுதியாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

பூ ஃபைல் எல்லாம் பென் டிரைவில், சாவிக்கொத்தோடு என் இடுப்பில் பத்திரம். பழைய சுலாமை நெட்டிலிருந்து இறக்கிப் பார்க்கலாம் என்றாள் திதின். இறக்கினோம். ஜன்னல் ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு ஓடிப்போனது. மறுபடி சிமிட்டியது, மறுபடி ஓடியது. எங்கள் கல்யாணத்தில் உன் மச்சான் இருந்த மாதிரி.

இன்னொன்று. இந்தக் காவாலு தெருவில் என் பூவை இரவல் வாங்காத வீடு கிடையாது. இப்போது தெருவே முட்டை போடுகிறது. காய்கறி வாங்கப் போனால், "கொகோம், உன் தம்பிக்கு எங்க மேல என்ன கோவம்?" என்கிறார்கள். நான் சிரித்துவிட்டு வருகிறேன்.

உனக்கு எளிதான வழி ஒன்று சொல்கிறேன். அந்தப் பழைய தப்பைத் திருப்பிப் போட்டுவிடேன். நல்ல தப்பு அது. யாருக்கும் கெடுதல் செய்ததில்லை.

அக்கா,
கொகோம்

---

மாலாங்,
நவம்பர் 21

தெத்தே,

ஸலாம். தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் நலம், வுலானுக்கும் தலைவலி இல்லை.

பழைய சுலாம் உங்கள் புதுக் கம்ப்யூட்டரில் நிற்காது. அது தனியாக நின்ற வீடு இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்களில் சாய்த்துக் கட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். சாய்வதற்குச் சுவர் இல்லாமல் திறந்ததும் விழுகிறது.

தப்பைத் திருப்பிப் போடவும் முடியாது. புது சுலாம் வந்த பிறகு எத்தனையோ பேர் சரியான வட்டமாக வரையத் தொடங்கிவிட்டார்கள். பிழையைத் திரும்ப வைத்தால் உங்கள் முட்டை வட்டமாகும், அவர்கள் வட்டம் நின்ற முட்டையாகும். பழைய ஃபைலுக்கு ஒரு கணக்கு, புது ஃபைலுக்கு ஒரு கணக்கு என்று வைக்கலாம். ஆனால் எது பழையது, எது புதியது என்று சுலாமுக்குத் தெரியாது. ஃபைலுக்குள் அதன் வயதை நான் எழுதவில்லை. அந்த வயதில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? மேலே தெரிகிற தேதியையும் நம்ப முடியாது. ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுக்கும்போது அது மாறிவிடும்.

நான் இப்போது கெளுத்தி மீன் வளர்க்கிறேன். கொல்லையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, மேலே கீரை. மீன் அழுக்காக்கிய தண்ணீரைக் கீரை குடித்துக்கொள்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தீனி போட்டால் போதும். கெளுத்தி சத்தம் போடாது. நேற்று இருந்ததுபோலவே இன்றும் இருக்கும். தீனி போட்டால் வரும், போடாவிட்டால் சும்மா இருக்கும். யாருக்கும் எதையும் விளக்கவேண்டியதில்லை.

பூக்களைப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள் தெத்தே. வேறு வழி தெரியவில்லை.

யாயன்

---

தாசிக்மலாயா,
நவம்பர் 28

தம்பி யாயனுக்கு,

ஸலாம். வீட்டில் எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை.

டின் வந்தது. உன் கடிதத்தைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். உன் மச்சான் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை அவர் வாயில் துகள் இல்லை.

நம் வீட்டில் யாரும் காலி டின் அனுப்பியதில்லை யாயன். ஒன்றுமே இல்லாத வருஷத்தில்கூட அம்மா ஒரு பிடி உப்பாவது போட்டு அனுப்பினாள். அதை நீ மறக்கிற ஆள் இல்லை. அதனால் கேட்கவில்லை.

கெளுத்தி பற்றி எழுதியிருந்தாய். சின்ன வயதில் கெளுத்தியைத் தட்டில் பார்த்தாலே மீசை வைத்த மாமா என்று அலறி மேஜைக்கு அடியில் போய் உட்காருவாய். இப்போது அதற்குத் தீனி போடுகிறாய். நல்லது. மீனிடம் என் ஸலாமைச் சொல்.

நீ சொன்னபடி மல்லிகையை உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். கை தானாகவே அகட்டுகிறது. பிடித்து நிறுத்தி, மறுபடி வரைந்து, ஒருவாரத்தில் ஒரே ஒரு மல்லிகை வந்தது. வட்டம்தான். ஆனால் கொடி, இலை, மொட்டு எல்லாம் பழைய கணக்கில் நிற்கின்றன. அந்தக் கூட்டத்தில் புது மல்லிகை, கல்யாண வீட்டுக்கு அழையாமல் வந்தவள் மாதிரி இருக்கிறது. முழு விளிம்பையும் இப்படி வரைந்து முடித்தால் அடுத்த வருஷ நோன்பு வந்துவிடும்.

ஹாஜியம்மா ஒரு நடை வந்துவிட்டுப் போனார். தேநீர் குடித்தார். சாம்பிள் பற்றிக் கேட்கவே இல்லை. போகும்போது எதிர்வீட்டு ஐயோஸ் கடையில் "சும்மா ஒரு எட்டு" பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சும்மா ஒரு மணி நேரம் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். ரங்கினாங் வைத்திருக்கிறேன்.

அக்கா,
கொகோம்

---

தாசிக்மலாயா,
டிசம்பர் 20

யாயன்,

ஸலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை, டின்னும் இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு வுலானுக்குப் போன் செய்தேன். அவளைக் கோபிக்காதே, நான்தான் பிடுங்கி எடுத்தேன்.

"கம்ப்யூட்டரத் தொறக்கிறதே இல்ல தெத்தே. தொறந்தா உலகத்துல இருக்கிறவங்க எல்லாம் திட்டி எழுதியிருக்காங்க. படிச்சிட்டு மீன் தொட்டிகிட்டப் போய் உட்கார்ந்துடுறாரு" என்றாள்.

அப்படி என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று திதினிடம் கேட்டேன். போனில் நம் பேச்சுக்கு மாற்றிப் படித்தாள். போலந்துக்காரன் ஒருவன் உன்னைச் சோம்பேறி என்கிறான். ஒருத்தி, பிழையைத் திருத்தியதற்கு நன்றி என்று எழுதி, அடுத்த வரியிலேயே ஏன் திருத்தினாய் என்கிறாள். இன்னொருவன் ஒரு காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறான்! அவனை மட்டும் நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. கடை நடத்தத் தெரிந்தவன்.

கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோழிப் பண்ணை என்று உனக்கு எழுதியது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. என் பெயரும் அந்த வரிசையில் இருக்கிறது, இல்லையா? நான் உன்னைத் திட்டலாம், மூக்கைத் துடைத்த கூலி. இருந்தாலும் கொஞ்சம் விட்டுப் பிடித்திருக்கலாம்.

சரி, உன்னைச் சிரிக்கவைக்க ஒன்று. நேற்று மல்லிகையைத் திறக்கப்போய், வலப்பக்கப் பட்டனை அழுத்திவிட்டேன் போல. ஒரு பட்டியல் வந்தது. ஒன்றும் நீலமாக இல்லை. முதலில் இருந்ததை அழுத்தினேன். பூவைக் காணோம். திரை நிறைய எண்கள், சந்தைக்கடை மாதிரி. பூவைக் கொன்றுவிட்டேன் என்று கத்தினேன். திதின் ஓடிவந்து, "கொல்லலக்கா, வயித்தக் கிழிச்சுப் பாத்திருக்கீங்க, அவ்வளவுதான்" என்றாள். அந்தக் குடலுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், நம் பேச்சில் எழுதியிருக்கிறது:

"தெத்தே, கோவிச்சுக்காதீங்க, இன்னும் முடியல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திராட்சைக் கொடியைத் திறந்து பார்த்தேன், அதிலும் இருக்கிறது. மயிலிலும் இருக்கிறது. எதிர்வீட்டு ஐயோஸ் வரைந்த ரோஜாவிலும் இருக்கிறது, அவள் உனக்கு தெத்தேயே இல்லை. இத்தனை காலமாக ஒவ்வொரு பூவுக்குள்ளும் என்னிடம் மன்னிப்புக் கேட்டபடி உட்கார்ந்திருந்திருக்கிறாய், எனக்குத் தெரியவே இல்லை. நான் புதிதாக வரைந்த அந்த ஒரே மல்லிகையில் மட்டும் இல்லை. புது சுலாமில் அக்கா மேல் பயம் விட்டுப்போய்விட்டதோ?

கோபம் இல்லை யாயன். முடியாவிட்டால் போகட்டும். பெருநாளைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ, போதும்.

கொகோம்

---

மாலாங்,
டிசம்பர் 24

தெத்தே! தெத்தே!

ஸலாம் சொல்ல மறந்துவிட்டேன், இதோ சொல்லிவிட்டேன்.

அந்த வரியை நான் மறந்தே போயிருந்தேன். படிக்கிற காலத்தில், "எப்ப முடிப்ப, எப்ப முடிப்ப" என்று நீங்கள் தினமும் போன் செய்வீர்களே? எரிச்சலில், ஃபைலைச் சேமிக்கிற இடத்தில் அந்த வரியை எழுதிவைத்தேன். அது எல்லா ஃபைலிலும் ஏறிக்கொண்டது. பிரேசில்காரன் வரைந்த கொடியிலும் இருக்கிறது, போலந்துக்காரன் வரைந்த கழுகிலும் இருக்கிறது. இந்த வருஷம் ஒருவன் இதற்கு என்ன பொருள் என்று கேட்டான். வெட்கமாகப் போய் எடுத்துவிட்டேன். எப்போது எடுத்தேன் தெரியுமா? வட்டத்தைத் திருத்திய அதே பதிப்பில்!

புரிகிறதா தெத்தே? அந்த வரி இருந்தால் பழைய ஃபைல், இல்லாவிட்டால் புது ஃபைல். வயதை எழுதிவைக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். எழுதித்தான் வைத்திருக்கிறேன், எழுதினது எனக்கே தெரியவில்லை. இனி சுலாம் ஃபைலைத் திறந்ததும் முதல் வரியைப் பார்க்கும். உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் பழைய பிழையோடு தைக்கும். கேட்காவிட்டால் சரியாகத் தைக்கும்.

வுலான் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுலாமை விட்டுவிடுகிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. தினமும் நாளைக்கு அனுப்பலாம் என்று மீனைப் பார்க்கப் போய்விடுவேன். இப்போது அழித்துவிட்டேன்.

உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும், ஐயோஸ் தெத்தேயுடையதையும், ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்புங்கள். டின்னில் ஆப்பிள் வறுவல், ஒரு கட்டு கீரை. கீரை வாடியிருக்கும், எண்ணம்தான் முக்கியம்.

யாயன்

---

தாசிக்மலாயா,
ஜனவரி 11

தம்பி யாயனுக்கு,

ஸலாம். டின் கனத்தது. பஸ்காரனிடமிருந்து நானே போய் வாங்கினேன், உன் மச்சானை அனுப்பவில்லை. கீரை வைக்கோலாகத்தான் வந்தது. அதையும் வதக்கித் தின்றோம். இத்தனை நாளில் நான் சாப்பிட்ட மோசமான கீரை, இரண்டு தட்டு சோறு இறங்கியது.

நெட்டில் நீ போட்ட புது சுலாமை இறக்கினோம். பெட்டி வந்தது.

"நீலத்த அமுக்குங்கக்கா" என்றாள் திதின்.

"இரு, படிக்கிறேன்."

"நீங்களா?"

"வாய மூடு, எழுத்துக் கூட்டிட்டு இருக்கேன்."

படித்து முடிப்பதற்குள் அவள் ஒரு கழுத்துப்பட்டிக்கு நூல் மாற்றிவிட்டாள். பழைய படங்களையும் புதிய கணக்கையும் பற்றி ஏதோ போட்டிருந்தது. அழுத்தினேன். மெஷின் ஓடியது. எல்லாரும் சுற்றி நின்றோம். துணியை எடுத்தேன்.

நின்ற முட்டை.

படுத்திருந்தது எழுந்து நிற்கிறது, யாயன். முன்னேற்றம் என்று சொல்லலாம். உன் மச்சான் மட்டும், "ரெண்டுக்கும் நடுவுல எங்கயோதான் வட்டம் இருக்கு" என்றார். அவர் வாயில் இப்படி ஒரு நல்ல பேச்சு வந்து வருஷக்கணக்காகிறது.

ஹாஜியம்மா மாதக் கடைசி வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஐயோஸ் ஒரு சாம்பிள் தைத்து வைத்திருக்கிறாளாம், செம்பருத்தி. அவள் பிழைக்கட்டும். ஆனால் மல்லிகை இல்லாத முக்கெனாவை ஹாஜியம்மா எடுப்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்ட பென் டிரைவையும் பழைய தையல் துண்டுகள் சிலவற்றையும் டின்னில் வைத்திருக்கிறேன். உன்னை அவசரப்படுத்தவில்லை. எப்ப முடிப்ப என்று கேட்கமாட்டேன். அந்த வார்த்தை என்ன வேலை செய்யும் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

அக்கா,
கொகோம்

---

மாலாங்,
ஜனவரி 18

தெத்தேக்கு,

ஸலாம். நலம். சிரித்துச் சிரித்து வுலானுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஃபைலைத் திறக்கும்போது ஒருமுறை ஒடுக்கினேன், தைக்க அனுப்பும்போது இன்னொருமுறை ஒடுக்கிவிட்டேன். பிழையைச் சரியாகச் செய்வதும் எளிதில்லை. முதன்முறை தெரியாமல் செய்தபோது எவ்வளவு சுலபமாக வந்தது! இப்போது உங்கள் மல்லிகை, திராட்சை, மயில், ஐயோஸ் தெத்தேயின் ரோஜா எல்லாவற்றையும் பழைய தையலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நூலிழை மாறாமல் அதே பிழை வருகிறது. இந்த அளவுக்குச் சந்தோஷமாக ஒரு தவறை நான் செய்ததில்லை.

மச்சானின் வார்த்தையை என் மேஜைக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இறக்கிப் பாருங்கள். முடிந்தால் அன்றே சொல்லுங்கள். போனிலேயே சொல்லலாம், பார்க்கிறேன்.

யாயன்

---

தாசிக்மலாயா,
பிப்ரவரி 1

தம்பி யாயனுக்கு,

ஸலாம். போனில் "வட்டம்" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன், நீயும் ஒரு சிரிக்கிற முகம் அனுப்பினாய். அது போதாது. முழுதாகச் சொன்னால்தான் எனக்கு ஆறும்.

வியாழக்கிழமை ஹாஜியம்மா வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, வேறு வாசலைத் தட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். முக்காலியில் உட்கார்ந்தார். துணியைக் கொடுத்தேன். பணப்பையைத் திறந்து ஒரு ஐந்நூறு ரூப்பியா நாணயத்தை எடுத்து மல்லிகை மேல் வைத்தார். விளிம்பைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அடுத்த பூவில் வைத்தார். அதற்கடுத்த பூவில் வைத்தார். திதின் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கவில்லை, அவள் பிடித்திருந்ததே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"கோழியெல்லாம் எங்க போச்சு?" என்றார் ஹாஜியம்மா.

"வித்துட்டேன் ஹாஜியம்மா."

"உன் தம்பிதான் சரி பண்ணானா?"

"சரி பண்ணி வெச்சிருந்தான். நாந்தான் கெடுக்கச் சொன்னேன். நல்லாக் கெடுத்திருக்கான்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியாது. நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு, "லாரி பத்தாம் தேதி வரும். துணி நாளைக்கே அனுப்புறேன்" என்றார். போகிற வழியில் ஐயோஸிடம் செம்பருத்தியும் கொஞ்சம் சொல்லியிருக்கிறார். நல்லதுதான், தனியாக ஒரு லாரியைத் தைத்து முடிக்க என்னால் ஆகாது.

அவர் தெரு முனை திரும்பினதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மச்சான் முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். தரையே போதும் என்றேன். மெஷின் எல்லாம் ஒன்றாக ஓடுகிற சத்தம் கேட்கிறது. மாசக்கணக்கில் சுமந்ததை இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது. நீயும் இறக்கிவை.

அக்கா,
கொகோம்

---

மாலாங்,
மார்ச் 9

தெத்தேக்கு,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? மச்சான் இந்த வருஷமாவது மதியத்துக்கு மேல் தாங்குகிறாரா?

திட்டியவர்கள் எல்லாம் திரும்ப எழுதுகிறார்கள். போலந்துக்காரன் தன் பழைய கழுகுகள் எல்லாம் சரியாகத் திறக்கின்றன என்று எழுதி, சோம்பேறி என்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பணத்தைத் திருப்பிக் கேட்டவன் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். உங்கள் முகவரியைக் கொடுத்துவிடட்டுமா?

சுலாமின் உள்ளே அந்த வரியைச் சோதிக்கிற இடத்தில், ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன்: "இதை யாரும் எடுக்கக்கூடாது. என் அக்காவின் பூக்கள் இதில்தான் நிற்கின்றன." எனக்குப் பிறகு யார் சுலாமைப் பார்த்துக்கொண்டாலும் அதைப் படித்துவிட்டுத்தான் கைவைக்கவேண்டும். போலந்துக்காரனே உதவிக்கு வருகிறேன் என்கிறான். இனி நான் தனியாள் இல்லை.

பெருநாள் முதல் நாள் வுலானின் பெற்றோர் வீட்டில். இரண்டாம் நாள் உங்கள் வாசலில் நிற்போம். கெளுத்திகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.

யாயன்

---

தாசிக்மலாயா,
மார்ச் 26

தம்பி யாயனுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம், நோன்பும் சுகம். உன் மச்சான் நாலு மணி வரை தாங்குகிறார், அதற்கு மேல் அவரிடம் யாரும் பேசுவதில்லை. ஹாஜியம்மாவின் சரக்கு அத்தனையும் கடையில் விற்றுப்போனதாம், கூட கொஞ்சம் கேட்டு அனுப்பினார். பெண்கள் யாரும் ஆலைக்குப் போகவில்லை. பெருநாள் துணிக்கு அவர்கள் என்னிடம் சண்டை போடுகிற அழகைப் பார்க்கவேண்டும் நீ.

வுலானுக்கு ஒரு முக்கெனா அனுப்பியிருக்கிறேன், நம் அம்மாவின் பழைய மல்லிகை விளிம்பு. உனக்குப் பெருநாள் தொழுகைக்குப் போட்டுக்கொள்ள ஒரு வெள்ளைச் சட்டை. மார்பில் ஒரே ஒரு மல்லிகை, அந்தப் பழைய ஃபைலிலிருந்துதான் தைத்தேன்.

அதாவது, சட்டையை அனுப்பவில்லை. திதின் அதை மெஷின் சட்டத்தில் மாட்டும்போது முதுகுத் துணியும் கூடவே மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்திருக்கிறது. பூ நல்ல வட்டம், நாணயம் வைத்துப் பார்த்தேன். யாரும் சொல்வதற்கு முன்னால் உன் மச்சான் அளவு பார்க்கிறேன் என்று தலைவழியாகப் போட்டுவிட்டார். பாதி வரை போனது. அதற்கு மேலும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கியபடி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கத்தரி எங்கே என்று தெரியவில்லை. அவர்தான் எங்கோ எடுத்துவைத்தாராம், சட்டைக்குள்ளிருந்து சொல்வது சரியாகக் கேட்கவில்லை.

கொகோம்